டுவேன் பார்த்த மான்

டீச்சரம்மா லொரெட்டாவுக்கு,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. சோளரொட்டியை நாய்க்கு எட்டாமல் மேலே வைத்திருக்கிறேன். மத்தியானம் என் தம்பி டுவேன் ஏணி வாங்க வருவான்.

நேற்று சாப்பிடும்போது அவன் "ஐ சீன் எ டீர்" என்று வேட்டைக் கதையை ஆரம்பித்ததுமே, "சீன் இல்லப்பா, சா!" என்று அவன் இலக்கணத்தைத் திருத்தினாய். "அந்தக் கிழங்கை இப்பிடித் தள்ளுங்க அண்ணி" என்றதோடு அவன் வாயை மூடிக்கொண்டான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் 'சீன்'தான், தெரியுமில்லையா? இன்று அவனை உட்காரவைத்துக் கதையை முதலிலிருந்து கேள். திருத்த வாய் துறுதுறுத்தால் ஒரு துண்டு கேக்கைப் போட்டுக்கொள்.

வெர்ல்

பி.கு.: உன்னிடம் கல்யாணப் பேச்சை எடுத்த அன்று நானும் 'சீன்' என்றுதான் உளறினேன். நீ திருத்தவில்லை, சிரித்தாய்.

இன்னொன்று: மானைச் சுட்டானா, விட்டானா என்று கேட்டு வை. கதை முடியாமல் ராத்திரி முழுக்க அது நம் சாப்பாட்டு மேசையிலேயே நின்றுகொண்டிருந்தது.