மைதானத்தில் நின்ற பஸ்கள்

கிணத்துக்கடவு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புக் கண்ணு செவ்வந்திக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, வாய்தான் இறங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடக் கூத்தைக் கேள். புதுத் தாளாளர் சசிதர் மைதானம் முழுக்க ஸ்கூல் பஸ்களை நிறுத்திவிட்டு, விளையாட்டை வகுப்பறைக்குள்ளேயே கற்றுத்தரலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அந்த மனுஷர் ஆயுளில் நூறடி ஓடியிருக்க மாட்டார். காகிதப் பந்தை ஸ்ட்ராவால் ஊதி பெஞ்சில் கோல் போட வேண்டுமாம், வீரர்கள் படத்தை வெட்டிச் சார்ட்டில் ஒட்ட வேண்டுமாம். இருபத்தாறு வருஷம் விசில் ஊதிய பி.டி. டீச்சர் நான், பசை டப்பாவோடு நின்றேன். மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடவேண்டிய எட்டாம் வகுப்பு ஹர்ஷிணி உட்கார்ந்து ஷூ படம் வெட்டுகிறாள்.

போன மாதம் பெற்றோரை வரவழைத்து இந்தப் பெருமையைக் காட்டினார். நானும் ஒரு செயல்பாடு நடத்துகிறேன் என்றேன், தலையாட்டினார். பிள்ளைகளை நாடி பிடித்து எண்ணி எழுதச் சொன்னேன். ஓடிவந்த பிறகு மறுபடி எண்ண வேண்டும், ஆனால் ஓட இடமில்லை என்றேன். தேங்காய் மண்டி ரசாக் அண்ணன், "ஏனுங்க சார், அப்ப எம்புள்ள எங்கீங்க ஓடும்?" என்று கேட்டார். கான்செப்ட் புரிந்தால் போதுமுங்க என்று தாளாளர் இளித்தார். "கான்செப்ட்டுக்கு மூச்சு வாங்குமுங்களா?" என்றவர் நேரே டிரைவர்களிடம் போனார், மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். கால்மணி நேரத்தில் பஸ்களெல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டன. ஹர்ஷிணி ஓடினாள் கண்ணு, கட்டவிழ்த்த கன்று மாதிரி. தாளாளர் ஏஸி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அவ்வளவுதான் அவர் வீரம். பெற்றோர் விடவில்லை, இப்போது பஸ்கள் பக்கத்துக் காலி இடத்தில் நிற்கின்றன. பிள்ளை மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாள்.

எனக்கு மெமோ வந்தது, வகுப்பை ஏன் வெளியே கொண்டுபோனீர்கள் என்று. ரிட்டயராக ஒரு வருஷந்தான் இருக்குது, மன்னிப்புக் கேட்டுப்போடு என்று அப்பா பயந்தார். "விளையாட்டு வகுப்பு என்பதால்" என்று ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளாளர் மேஜையில் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். இதுவரை பதில் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று மறக்காமல் எழுது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ராசம்மாள்