கோழி எப்ப வருது?

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீ குளிரில் காதை மூடாமல் திரியாதே.

அம்மாவுக்கு வாங்கிய காது மெஷின் அலமாரிக்குள் போய்விட்டது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? தப்பு நம் கூடத்தின்மேல்தானாம், மெஷின் விற்ற பெண் சொன்னாள். வழவழப்பான தரை, மொட்டைச் சுவர். பேசுவதெல்லாம் மோதித் திரும்ப, மெஷின் அத்தனையையும் காதில் கொட்டுகிறது. "பாத்திரக்கடைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டு உன் அம்மா அடுக்களையே கதியென்று கிடந்தாள். யாராவது வந்தால் சிரித்துத் தலையாட்டுவதோடு சரி. அந்த வாயாடி வாயடைத்துப் போனால் வீடு எப்படி இருக்கும்?

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் சொன்னாரென்று முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டினேன். எதிரொலி குறைந்தபாடில்லை. உன் அம்மா மட்டும், "கோழி எப்ப வருது?" என்று கேட்டாள். பிய்த்துப் போட்டேன்.

நம் தையல்கடையில்தான் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே! கழற்றிப்போட்ட ஜன்னல் வலைச் சட்டங்களில் அதைத் திணித்து, மேலே பழைய போர்வையை இழுத்துத் தைத்து மாட்டினேன். ஜன்னலுக்குக் கனத்த கோட்டுத் துணியில் இரட்டைத் திரை, தரைக்குக் கம்பளம். ஒவ்வொன்றாக மாட்டியதும் நடுவில் நின்று கைதட்டிப் பார்ப்பேன். 'டங்' என்று திரும்பிய சத்தம் 'டப்' என்று அங்கேயே விழும்வரை விடவில்லை. கூடம் இப்போது மெத்தைக்கடை மாதிரி இருக்கிறது, சிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை சாப்பிட வந்திருந்தாள். நான் கெஞ்சிக் கூத்தாடி, அம்மாவை மெஷினோடு கூடத்தில் உட்காரவைத்தேன். பேச்சுவாக்கில் அத்தை என் பக்கம் சாய்ந்து, இப்போதெல்லாம் அண்ணி சமையலில் உப்பு தூக்கல் என்று தணிந்த குரலில் சொன்னாள். உன் அம்மா பட்டென்று திரும்பி, "மூணு தடவை வாங்கிப் போட்டுக்கிட்டப்ப தெரியலயா உப்பு?" என்றாள். அத்தையின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மூவருமே கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அம்மா அன்று திறந்த வாயை இன்னும் மூடவில்லை. நான் காபி உறிஞ்சும் சத்தம்கூட இப்போது குற்றமாகிவிட்டது.

ஒரே ஒரு விஷயம், மகளே. கொஞ்ச நாளாக நீ என்னோடு பேசிவிட்டு போனை வைத்துவிடுகிறாய். உன்மேல் குற்றமில்லை, அம்மாவிடம் எதையும் நாலு முறை கத்த வேண்டியிருந்தது. அவளும் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவாள். இப்போது மணி அடித்ததும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். போனைக் கொடு என்று வாய்விட்டுக் கேட்கமாட்டாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே. அடுத்த முறை, "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று நீயே சொல். கத்த வேண்டாம், மெதுவாகப் பேசு, போதும்.

நீ நிறைவாக இருக்க வேண்டும், கண்ணு.

உன் அப்பா