குறுக்கே போன வயர்

அன்பு மகளுக்கு,

உன் அறைக்கு இன்னும் கரண்ட் கிடையாது. இன்று காலை மின் ஆய்வாளர் நம் கூடத்தில் நின்று, கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிக்கொண்டே சொன்னது, ஆகவே உறுதியான செய்தி. மற்றபடி நலம்தான், நானும் உன் அப்பாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், பேச்சு மட்டும் உன் மாமா வழியாகப் போய்வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்பதையும், குட்டி நடக்கத் தொடங்கிக் கண்ட ஓட்டையிலெல்லாம் விரலை விடுகிறாள் என்பதையும் வீடியோவில் பார்த்தோம். அந்த விரலை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீங்கள் தங்கப்போகும் மாடியறையில் தொட்டிலுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு வேண்டும் என்று நீ கேட்டாயே, அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றேன். பேத்திக்கு எரியும் விளக்குக்கு வெளி ஆள் எதற்கு என்று அப்பா கிளம்பிவிட்டார். காலமெல்லாம் நிலம் அளந்தவர், சுவரையும் அப்படியே அளந்து, இந்தக் கோடியில் கீழே இருக்கும் ஸ்விட்ச் போர்டிலிருந்து அந்தக் கோடியில் உயரத்தில் இருக்கும் விளக்குக்கு வயரைச் சாய்வாகக் குறுக்கே இழுத்து, பூசி, பெயின்ட்டும் அடித்தார். இதைவிடக் குறுகிய வழியை எவனும் காட்ட முடியாது என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொன்னார், நானும் தலையாட்டி வைத்தேன். அந்தச் சுவரில் கடிகாரம் மாட்டத்தான் உன் மாமா வந்தான். அவன் டார்ச்சுக்கு பேட்டரி போடவே ரப்பர் செருப்பு தேடுகிறவன். மேலே, கீழே, பக்கத்தில் எங்கும் ஸ்விட்ச் இல்லை என்று தடவித் தடவிப் பார்த்து, நட்ட நடுச் சுவரில் டிரில்லை வைத்தான், நேராக அப்பாவின் வயரில் இறங்கியது. கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப்பர் படக்கென்று விழுந்ததால் பிழைத்தான். டிரில்லை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நான் இருக்கேனாக்கா என்று என்னைக் கேட்டான், இருக்கிறாய் என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டான். அங்கே துளை போடச் சொன்னது யார் என்று அப்பா மாடியேறி வந்து சத்தம் போட்டார். உன் மாமா வாழ்க்கையில் முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினான்: “அத்தான், வயர் எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். ஆணி அடிக்க வர்றவனுக்கு யார் சொல்லுவா?”

ஆய்வாளரும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். சுவருக்குள் மறையும் வயர் ஸ்விட்சிலிருந்தோ பிளக்கிலிருந்தோ நேர் மேலே, நேர் கீழே, இல்லை நேர் பக்கவாட்டில்தான் போக வேண்டும், சாய்வு கூடாது, இணைப்பு எதுவானாலும் திறந்து பார்க்கிற மாதிரி பெட்டிக்குள் இருக்க வேண்டும். மூலை திரும்பினால் கரண்டுக்குத் தலை சுற்றுமா என்று அப்பா கேட்டார். கரண்டுக்குச் சுற்றாது, இவருக்குத்தான் சுற்றும் என்று ஆய்வாளர் மாமாவைக் காட்டினார், அவனும் உடனே சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அவர் போன பிறகு அப்பா, குட்டி ஓட்டையில் விரலை விடும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் சுத்தியலை எடுத்துப்போய்த் தன் சுவரைத் தானே உடைத்தார், என் தலையணை வரை தூசி. இப்போது தூக்குக்குண்டு கட்டிக் கோடு போட்டிருக்கிறார், அதில் குறை சொல்ல ஆளே கிடையாது. தப்பு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் மாமாவுக்குத் தானே டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், அவனும் மறுபேச்சில்லாமல் குடித்தான். நீயும் அங்கே வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்கு முன் ஸ்விட்சுக்கு நேராக அடிக்காதே, அந்த வீட்டிலும் ஒரு அப்பா இருந்திருந்தால் எங்கேயுமே அடிக்காதே.

மூவரும் நன்றாக இருங்கள், குட்டிக்கு என் முத்தம். பிளக் ஓட்டைக்கு மூடி வாங்கிவர மறக்காதே.

ஆய்வாளர் வியாழக்கிழமை காலை மறுபடி வருகிறார், நீங்கள் வருவது சனிக்கிழமை. அவர் கையெழுத்துப் போட்டதும் புதுச் சுவரில் முதல் துளையை அத்தான்தான் போட வேண்டும், நான் வாசலில் நிற்பேன் என்று உன் மாமா சொல்லிவிட்டான், அப்பாவும் சரி என்றார். அதுவரை கடிகாரம் உன் கட்டிலில் மல்லாந்து படுத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
தூசி தட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மா