ஒற்றைக் கண்ணில் விழுந்த திரை

என் பிரியமுள்ள அண்ணா,

உப்புப் பாத்தியில் நீ தள்ளாடி நின்ற அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: சோறு கொண்டுவந்த நான், அண்ணி, மேஸ்திரி, நம் தம்பி முருகன். "வலது கண்ணுல திரை விழுந்தாப்புல இருக்குது" என்றாய். "உப்பு மேல வெயில் பட்டுக் கூசுதுப்பா, நிழல்ல குந்து" என்றார் மேஸ்திரி. நாங்கள் மூவரும் ஆமாம் போட்டோம். மரக்காணத்தில் கண் இருண்டால் வேறு என்ன சொல்லத் தோன்றும்? சற்று நேரத்தில் பார்வை திரும்பியது. அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். அதோடு மறந்தும் போனேன்.

அடுத்த வாரம் உன் வாய் கோணியது, கை தொங்கியது. பாண்டிச்சேரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு நெஞ்சை எக்கோ எடுத்தார்கள். "கட்டி இதயத்துக்குள்ள இருக்குதும்மா. அதிலேர்ந்து துணுக்கு பிய்ஞ்சு மூளைக்குப் போவுது. அன்னிக்குக் கண்ணுக்கும் அதான் போயிருக்கும்" என்றார் டாக்டர். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாள்கூடச் சொல்லாதவன் நீ. ஆபரேஷனுக்கு முன்பே இன்னொரு துணுக்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இங்கே சேதி நல்லதாக இல்லை, அண்ணா. இன்று தன் தையல் கடையில் முருகன் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. இடது கண் இருண்டதாம். 'பட்டன்' என்ற வார்த்தை வாயில் வரவில்லையாம். அங்கே ஏது உப்பு?

"எக்கோ எடுத்துடலாம்டா. கூடப் பொறந்தவங்களும் பாக்கணும்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"சில குடும்பத்துலதான் அப்படி வரும்னாரு. நாள் பூரா ஊசியப் பாத்தா கண்ணு இருட்டாதா? அண்ணனுக்கு உப்பு, எனக்கு ஊசி. உனக்கு அடுப்புப் புகைன்னு வச்சுக்கோக்கா."

சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகவே போனதைச் சாமி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவனை ஏற்றுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. கடைச் சாவியை முந்தானையில் முடிந்துவிட்டேன். அவனுக்கு முன்னால் நானே எக்கோ மேசையில் படுப்பேன். அம்மனிடம் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் முருகன் என் பேச்சைக் கேட்பவனா? ஆஸ்பத்திரியில் குழறிய நாக்கோடு அவனைப் பார்த்து, "முருகா, நீ..." என்று தொடங்கினாயே, அது முடியவே இல்லை. மிச்சத்தை அவன் கனவில் வந்து சொல்லிவிடு.

பதில் சீக்கிரம் வேண்டும், அண்ணா. பஸ் வருவதற்குள்.

உன் தங்கை,
முருகனின் அக்கா