சரிந்த கரையும் கதிரேசன் சிரிப்பும்

ஜனவரி 11, சனி

நேற்றிலிருந்து விடாத மழை. மதியம் எங்கள் கிராஞ்சித் தோட்டத்தின் கால்வாய்க் கரை சரிந்து, ஒரு வரிசை கறிவேப்பிலையே தண்ணீரோடு போய்விட்டது. பதினாறு மரங்கள்! தேக்கா சந்தையில் எங்கள் இலையைத்தான் கேட்டு வாங்குவார்கள். மீதி இரண்டு வரிசை நிற்கிறது. இன்னொரு மழை இப்படிக் கொட்டினால் அதுவும் போகும். கல் அடுக்கிக் கரை கட்ட என் ஒருத்தியால் ஆகாது.

ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்யும் கதிரேசன், சேற்றில் நின்று தன்னைத்தானே படம் பிடித்து, கடல் தாண்டி மன்னார்குடியில் இருக்கும் மனைவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "முதல்ல மண்வெட்டிய எடுங்க, அப்புறம் சிரிக்கலாம்!" என்று கத்திவிட்டேன். பாவம்.

ஜனவரி 13, திங்கள்

அவசர மண்காப்பு மானியம் கேட்டு நேற்று இணையத்தில் விண்ணப்பித்தேன். இன்றே பதில்! வியாழக்கிழமை அதிகாரி நேரில் வருகிறார். ஒத்துக்கொண்டால் கல் கரைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு அரசாங்கமே தரும். கடிதம் நான்கு பக்கம். முதல் பக்கத்தைப் படித்ததுமே எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜனவரி 15, புதன்

நேற்றுப் பொங்கலை அரைகுறையாகப் பொங்கி இறக்கிவிட்டு மறுபடியும் வேலை. ஆபீசர் வருகிற இடம் இப்படியா அலங்கோலமாகக் கிடப்பது? மண் கொட்டிப் பள்ளத்தை நிரப்பி, கால்வாயில் சிக்கிக் கிடந்த மரங்களை அள்ளி, மேலே புல் பதித்து, வாசலில் கோலமும் போட்டாயிற்று. கண் பட்டுவிடும் போலிருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்

நான் ஒரு முட்டாள்.

அதிகாரி பெயர் அஃப்னா, சின்ன வயதுப் பெண். கரைமேல் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அக்கா, டேமேஜ் எங்க?"

"நீங்க வரீங்கன்னு எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம்மா."

"ஐயோ, மூணாம் பக்கத்துல போட்டிருக்கு லா! நாங்க பாக்கற வரைக்கும் தொடக்கூடாதுன்னு. இப்ப எதப் பாத்து ரிப்போர்ட் எழுதறது? அன்னிக்கு எடுத்த போட்டோ இருந்தா மண்டேக்குள்ள அனுப்புங்க."

கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போனாள், நல்ல பெண். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. கதிரேசன், போன் நிறைந்துவிடுகிறதென்று அனுப்பினதும் அழித்துவிடுவாராம். என்னத்தைச் சொல்ல? ஏன்டி உனக்கு எல்லாத்துலயும் இவ்வளவு அவசரம்?

ஜனவரி 17, வெள்ளி

ரஞ்சிதம் வாழ்க! கதிரேசன் மனைவி. "அவரு மொகத்த நான் அழிப்பேனாக்கா?" என்று கேட்டுவிட்டு, நாற்பத்து மூன்று படங்களையும் அனுப்பிவிட்டாள். நாளும் நேரமும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றிலும் நட்டநடுவில் கதிரேசன், பல் தெரியச் சிரித்தபடி. முதுகுக்குப் பின்னால் சரிந்த கரை, வேர், கால்வாய், எல்லாம் துல்லியமாக. ஒன்றில் நானும் இருக்கிறேன் — வாயைப் பிளந்து கத்திக்கொண்டு. அதையும் சேர்த்தே அனுப்பினேன்.

அஃப்னாவிடமிருந்து உடனே வாட்ஸ்அப்: "யாருக்கா இந்த அண்ணன்? இவ்ளோ ஹேப்பியா டேமேஜ் காட்டறாரு!"

பிப்ரவரி 5, புதன்

கிடைத்துவிட்டது. கிடைத்தே விட்டது! இந்தத் தடவை மானியக் கடிதத்தின் நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 19, புதன்

கல் கரை கட்டி முடித்துப் பத்து நாள். புதுக் கன்றுகளும் வைத்தாயிற்று. இன்று காலை அதே மாதிரி மழை. தகரக் கொட்டகையில் நானும் கதிரேசனும் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால்வாய் விளிம்புவரை ஏறி, பதினோரு மணிக்கு மெல்ல வடிந்தது. ஒரு கல்கூட அசையவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முதல் வேலையாகக் கரையைப் படம் எடுத்து ரஞ்சிதத்துக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில்: "கர நல்லாருக்குக்கா. அவர எங்க காணோம்?"

தூறல் இன்னும் நிற்கவில்லை. கதிரேசன் வழக்கம்போல மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அத அப்புறம் எடுக்கலாம்," என்றேன். "மொதல்ல போய் நடுவுல நின்னு சிரிங்க."