வட்டின் ஓரத்து ஒட்டுத்தாள்

மச்சான்,

நேற்று அலமாரியை ஒழித்தபோது பூஞ்சை வாடையோடு அந்தக் காகிதம் கிடைத்தது. "இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு" என்று நான் எழுதி, உன்னிடம் கையெழுத்து வாங்கியது. சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் கூட வளர்ந்தவனிடம்.

எண்பதுகளின் கடைசி. ஈப்போ லாரி கம்பெனியில் நான் குமாஸ்தா. புதிதாக வந்த கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆனால் என் வேலை போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீ ஆறு ஃப்ளாப்பி வட்டுகளோடு ஆபீசுக்கு வந்தாய். விண்டோசில் புரோகிராம் எழுத உதவும் கருவிகள், மூல நிரலோடு. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம்.

"நம்ம மெஷின்லயே தொகுத்துக்கிட்டா, லூமுட் துறைமுகத்துக்குப் போற லாரிங்களுக்கு அட்டவணை போடற புரோகிராம் நாமளே எழுதலாம்லா," என்றாய்.

"சும்மா யாரு கொடுப்பா?" என்றேன். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சிரித்துக்கொண்டே நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்துத்தான் என் அப்பா வீட்டை இழந்தார். சிரித்த முகம் எதையும் நான் நம்புவதில்லை. உன்னுடையதையும் சேர்த்துத்தான்.

அந்தக் காகிதத்தில் நீ போட்ட கையெழுத்தும் எனக்குப் போதவில்லை. நீ கடைக்குத் தே தண்ணி வாங்கப் போன நேரத்தில், தொகுத்ததைப் பதிய நான் கொடுத்த வெற்று வட்டின் ஓர வெட்டை ஒட்டுத்தாளால் மூடினேன். மூடிவிட்டால் அதில் எதுவும் பதியாது. நீயும் சலித்துப் போய்விடுவாய் என்று நினைத்தேன்.

தொகுக்கும் வேலை மூன்று முறை பாதியில் நின்றது. நீ உன்மேல்தான் சந்தேகப்பட்டாய். தப்பைக் கண்டுபிடிக்க, அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு படியாக எழுதினாய். நீ வாங்கி வந்த தேயை நான் குடித்துக்கொண்டிருந்தேன். மதியம் வட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். ஒட்டுத்தாளை உரித்து, உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாய்.

"இதுவும் சாட்சிக்கு இருக்கட்டும் மச்சான்."

நான்காவது முறை ஓடியது. பிறகு நாம் எழுதிய அந்த அட்டவணை புரோகிராமால்தான் என் வேலையும் கடைசிவரை நிலைத்தது. காகிதத்தை மட்டும் அன்றே பூட்டி வைத்தேன்.

நான் ஒட்டியதை யாரிடமாவது சொல்லியிருப்பாய் என்றே இத்தனை வருடமும் நினைத்தேன். போன மாதம் உன் சாவு வீட்டில்கூட ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். "உங்களைத்தான் ரொம்ப நம்புவாரு அண்ணே," என்றாள் உன் மனைவி. தெரிந்துதான் சொல்கிறாளோ என்று அங்கேயும் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தை நேற்றுத்தான் முதல்முறையாகப் படித்தேன். கடைசி வரி: "வட்டுல ஒட்டுத்தாள் இருக்கான்னு முதல்ல பாக்கணும்."

யார் ஒட்டியது என்று நீ எழுதவில்லை.