கையெழுத்துப் போடாதவர்கள்

ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் காகிதத்தின் வாசனை உனக்கு எவ்வளவு பிடிக்கும். இன்று காலை, பாளையங்கோட்டையில் நம் பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் அந்தக் காகிதக் கட்டை வாங்கி, முகர்ந்து பார்க்காமலே பைக்குள் வைத்தேன். "அந்த டீச்சர் வரலியா?" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். "இனிமே நாந்தான் வருவேன் அண்ணாச்சி" என்றேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் ஒன்பதாம் வகுப்பை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். நானும் வரலாறுதான் நடத்துகிறேன் என்றாலும், நோட்ஸ் இல்லாமல் ஒருநாளும் வகுப்பில் நின்றதில்லை. நீயோ விடுமுறையில் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போய், உங்கள் ஊர்க் கடைமடை விவசாயிகள் ஆற்றுத் தண்ணீர் கேட்டுக் கலெக்டருக்கு எழுதிய பழைய மனுவைப் படி எடுத்து வந்தாய். அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வாய். எனக்கு எரிச்சலாக வரும். "போர்ஷன எப்பம்ட்டி முடிப்ப?" என்பேன். "அது முடியும், நீ பைய இரு" என்று சிரிப்பாய்.

அந்த மனுவில் இரண்டாவது கையெழுத்து உன் தாத்தாவின் தாத்தாவுடையது. ஆசிரியர் அறையில் அதைக் கல்யாணப் பத்திரிகை போல எல்லாரிடமும் நீட்டினாய். போன வருஷ ஒன்பதாம் வகுப்பிலும் கடைசியில் சொல்லி அசத்தப்போவதாகத் திட்டம். வேடிக்கை பார்க்க நானும் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

அதற்குள் ஒரு பெண் எழுந்துவிட்டாள். "டீச்சர், கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் நெலம் வச்சிருந்தவங்க. எங்க ஆளுகதான் அந்தக் கால்வாய தூர் வாருனாவளாம். அவுக பேரு ஒண்ணுகூட இல்லியே?"

உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நீ எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாய். "ரெண்டாவது கையெழுத்து எங்க தாத்தாவோட தாத்தா. நீ கேட்டது அவருக்குத் தோணல. இத்தனை தடவ படிச்சும் எனக்கும் தோணல. அவுக பேரு இல்லங்கதயும் எல்லாரும் எழுதிக்கோங்க" என்றாய்.

சாயங்காலம் பஸ்ஸில், "பெருமை எல்லாம் போச்சா?" என்று உன்னைச் சீண்டினேன். "போட்டும். அவ கேட்டாளே, அது போதும்ட்டி" என்றாய். எனக்கு உன்னை அப்போது ரொம்பப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

இன்று அதே மனுவைத்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உன்னைப் போல ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். பிறகு முன்பெஞ்சிலிருந்து ஒரு குட்டி கேட்டாள்: "தண்ணி கெடச்சுதா டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். உன்னோடு அத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறேன், ஒருநாள்கூடக் கேட்கவில்லை. "தெரியலம்மா" என்றேன். "அப்பம் தேடுவோமா?" என்றாள். வகுப்பே என்னைப் பார்த்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

பரீட்சை முடிந்ததும் சென்னைக்கு ரயில் ஏறுகிறேன். அந்த மனுவுக்குப் பதில் அங்கே ஏதாவது ஒரு பழைய காகிதக் கட்டுக்குள் இருக்கலாம். கிடைத்தால் உடனே உன்னைத்தான் போனில் கூப்பிடத் தோன்றும். அந்த நேரத்தில் நான் என்ன செய்வேன், சொல்லு.